கடற்கரை ஊரில் பழைய ரயில் சுற்றுலா போஸ்டர்: காலம் கணிப்பது, பழுது பார்ப்பது, காப்பது

சுருட்டி வைத்த பழைய ரயில் போஸ்டர் ஒன்று கைக்கு வந்தால், உடனே விரித்துப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். அன்றைக்கு விரிக்காதீர்கள். பெரும்பாலான சேதம் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் நடக்கிறது.

1900-க்கும் 1960-க்கும் இடையில் அச்சான சுற்றுலா போஸ்டர்களில் பெரும்பகுதி மரக்கூழ்த் தாளில் வந்தவை. மை ஊறாமல் இருக்கத் தாளில் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் காலப்போக்கில் அமிலமாகி நாரை அரித்துவிடுகிறது. சில மாதம் ஒட்டியிருந்தால் போதும் என்று அச்சடித்த தாள் அது. எண்பது, தொண்ணூறு ஆண்டு சுருண்டே கிடந்த பிறகு பலமாக இழுத்தால், சுருளுக்கு இணையாக நீளவாக்கில் விரிசல் விடும். அப்பளம் உடைவது மாதிரி, ஒரே சத்தத்தில்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே காற்றே தாளை இளக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சுருளை ஒரு மேசைமேல், வெள்ளைக் காடாத்துணி விரித்து, மின்விசிறியும் ஏசியும் இல்லாத அறையில் ஓர் இரவு வைத்தாலே பாதி இளகிவிடும். மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் ஈரப்பெட்டி தேவைப்படும்.

ஈரப்பெட்டி செய்ய, துணி வைக்கும் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி போதும். நீளம் 75 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அடியில் நனைத்துப் பிழிந்த துண்டு, அதற்கு மேல் 5 செ.மீ. இடைவெளி விட்டு பிளாஸ்டிக் தட்டி, தட்டியின்மேல் உலர்ந்த மை உறிஞ்சுதாள், அதன்மேல் சுருள். மூடி போட்டு 3 மணி நேரம். மணிக்கொரு முறை திறந்து பாருங்கள். பெட்டியின் மூடியில் நீர்த்துளி கோத்தால் ஈரம் அதிகம் என்று பொருள். துளி சொட்டினால் சிவப்பு மை கரைந்து ஓடும், அதை மீட்கவே முடியாது. துண்டை எடுத்து இன்னும் பிழிந்து போடுங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் எதற்கும் வேண்டாம்.

விரல் வைத்தால் சுருள் தானாக இடம் கொடுக்க வேண்டும். அப்போது உறிஞ்சுதாள் இரண்டுக்கு நடுவே மெதுவாக விரித்து, மேலே தடித்த கண்ணாடிப் பலகை அல்லது சமமான பிளைவுட், அதன்மேல் நாலைந்து புத்தகம். அரை மணி கழித்து உறிஞ்சுதாளை மாற்றுங்கள், பிறகு அன்று இரவு ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை. இரண்டு நாளில் தட்டையாகிவிடும். மாற்ற மறந்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம் வரும். இங்கே காற்றில் அதன் வித்து எப்போதும் இருக்கிறது.

பெயரை வைத்துக் காலம் கணிப்பது

போஸ்டரில் ஆண்டு பெரும்பாலும் இருக்காது. ஆனால் ரயில் கம்பெனியின் பெயர் இருக்கும், அது போதும். கம்பெனிகள் பிறந்த தேதியும் இணைந்த தேதியும் அரசு ஆவணத்தில் உள்ளவை, அங்கே ஊகத்துக்கு இடமில்லை.

பிரிட்டிஷ் போஸ்டர் என்றால் இரண்டு தேதி மனப்பாடமாக இருக்க வேண்டும். 1923 ஜனவரி 1 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நாலாக்கினார்கள்: கிரேட் வெஸ்டர்ன், எல்.எம்.எஸ். (லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்), எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன்), சதர்ன். 1948 ஜனவரி 1 அன்று அந்த நாலும் அரசுடைமையாகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆனது. ஆகவே எல்.என்.இ.ஆர். என்று போட்டிருந்தால் அது 1923-க்கும் 1947-க்கும் இடையில். கிரேட் வெஸ்டர்ன் மட்டும் பழைய பெயரையே வைத்துக்கொண்டது, அதற்கு 1923 என்ற எல்லை உதவாது.

பிரெஞ்சு போஸ்டர் இன்னும் எளிது. பி.எல்.எம்., அதாவது பாரிஸ்–லியோன்–மெடிட்டெரானே, நோர், எஸ்த், மிடி என்ற தனிக் கம்பெனிப் பெயர்கள் 1938-க்கு முந்தியவை. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் எல்லாம் எஸ்.என்.சி.எஃப்., அதாவது பிரெஞ்சு தேசிய ரயில்வே. புதுச்சேரியில் பி.எல்.எம். பெயரைக் கண்டால் வியக்க வேண்டியதில்லை. இங்கிருந்து மெஸாழரி மாரித்தீம் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பலில் போனவர்கள் மார்செய் துறைமுகத்தில் இறங்குவார்கள். மார்செயிலிருந்து பாரிஸ் போகும் ரயில் பி.எல்.எம். உடையது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தாக்களின் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் பிரெஞ்சுக் காகிதம் வந்து சேர அது இயல்பான வழி.

நம் பக்கத்துப் போஸ்டர்களுக்கு உதவும் தேதிகள் இவை. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1908-ல் உருவானது. அதுவும், சவுத் இந்தியன் ரயில்வேயும், மைசூர் ரயில்வேயும் சேர்ந்து 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே ஆயின. ஆகவே சவுத் இந்தியன் ரயில்வே என்று அச்சில் இருந்தால் அதற்கு முந்தியது. இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘சதர்ன் ரயில்வே’ என்ற பெயர் பிரிட்டனிலும் இருந்தது, அமெரிக்காவிலும் இருந்தது. பெயரைக் கண்டதும் நம் ஊர் என்று முடிவு கட்டாமல், படத்தில் உள்ள இடத்தையும் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். அச்சகத்தின் பெயர் கீழ் ஓரத்தில் மிகச் சின்ன எழுத்தில் இருக்கும். ஃபிரேமுக்குள் போடும்போது வெட்டி எறிவது பெரும்பாலும் அந்த ஓரத்தைத்தான். வெட்டிய ஓரம் போஸ்டரின் சாட்சியைப் பறித்துவிடுகிறது.

பாதையும் சாட்சி சொல்லும். தனுஷ்கோடி வழியாக இலங்கை என்று வரைபடம் இருந்தால், பாம்பன் பாலம் திறந்த 1914-க்குப் பின், தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிய 1964 டிசம்பருக்கு முன். ஊட்டி வரை ரயில் என்றால் 1908-க்குப் பின். 1899-ல் குன்னூர் வரைக்கும்தான் பாதை போட்டிருந்தார்கள். கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது என்று கொள்ளலாம். தூரம் மைலில் இருந்தாலும் அதே காலத்தை ஒட்டித்தான்.

இன்று சந்தையில் மஞ்சள் சுவர், காகிதப்பூ, பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் போட்டு ‘1930’ என்று அச்சிட்ட படங்கள் நிறைய விற்கின்றன. அழகாகத்தான் இருக்கும், சுவரில் மாட்டவும் தகும். ஆனால் ஆங்கில எழுத்தில் ‘புதுச்சேரி’ என்று எழுதியிருந்தால் அதைப் பழையது என்று காசு கொடுத்து வாங்காதீர்கள். அதிகாரப்பூர்வமாக அந்தப் பெயர் 2006-ல்தான் வந்தது. அதற்கு முன் ஆங்கிலத்தில் பாண்டிச்சேரி, பிரெஞ்சில் போந்திஷேரி.

போஸ்டரில் ரயில் எங்கே?

நல்ல பழைய ரயில் போஸ்டரில் பெரும்பாலும் ரயில் இருக்காது. புதிதாகச் சேகரிப்பவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். ரயிலே பெரிதாக நிற்கும் போஸ்டர்களும் உண்டு, பிரெஞ்சு ஓவியர் கசாந்தர் 1927-ல் வரைந்த ‘நோர் எக்ஸ்பிரஸ்’ அதற்குப் பெயர்போனது. ஆனால் பெரும்பாலானவற்றில் கடலும் மலையும் கோயிலும்தான்.

காரணம் வியாபாரம். தண்டவாளம் போட்டாகிவிட்டது, வண்டி தினமும் ஓடியாக வேண்டும், சீசன் இல்லாத மாதத்தில் பெட்டி காலி. காலி இருக்கையை விற்க ஒரே வழி, அந்தப் பாதையின் கடைசியில் இருக்கும் ஊரை ஆசைப்பட வைப்பது. இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஸ்கெக்னெஸ் என்ற குளிர்ந்த, காற்றடிக்கும் சிறிய ஊர். 1908-ல் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக ஜான் ஹேசல் வரைந்த போஸ்டரில் ஒரு தடித்த மீனவர் மணலில் துள்ளிக் குதிக்கிறார், கீழே ‘அவ்வளவு புத்துணர்ச்சி’ என்ற பொருளில் ஒரு வரி. குளிரையே சரக்காக்கிவிட்டார்கள். ஓவியருக்குக் கிடைத்தது 12 கினி (பழைய பிரிட்டிஷ் பணம்), ஊருக்குக் கிடைத்தது நூறாண்டுப் பெயர். தென்பிரான்சின் கடற்கரை ஒரு காலத்தில் பனிக்காலத்தில் மட்டும் பணக்காரர் போகும் இடம். ரோழே ப்ரோதேர் 1920-களிலும் 1930-களிலும் பி.எல்.எம்.முக்கு வரைந்த நீலக் கடலும் வெயிலும் அங்கே கோடைக்கு ஆள் சேர்த்த விளம்பரங்கள். அமெரிக்காவில் சான்டா ஃபே ரயில்வே 1901-ல் கிராண்ட் கேன்யன் விளிம்பு வரை பாதை போட்டது, 1905-ல் அதே விளிம்பில் எல் டோவர் விடுதியும் திறந்தது. பாதை, விடுதி, படம் மூன்றும் ஒரே கணக்குப் புத்தகம்.

இந்தியாவில் 1930-களில் இந்தியன் ஸ்டேட் ரயில்வேஸ் பெயரில் வந்த ‘இந்தியாவைப் பாருங்கள்’ வகைப் போஸ்டர்கள் வெளிநாட்டுக்காரர்களைக் குறிவைத்தவை. எழுத்து ஆங்கிலம், விலாசம் லண்டன் அல்லது நியூயார்க் அலுவலகமாக இருக்கும். அந்த விலாசத்தை வைத்து அது எந்த ஊர்ச் சுவருக்காக அச்சானது என்று சொல்லலாம். விழுப்புரம்–புதுச்சேரி பாதையில் 1879-லேயே வண்டி ஓடியது. ஆனாலும் மலைப்பாதைக்குக் கிடைத்த போஸ்டர் செல்வாக்கு அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே அந்தப் பாதையின் ‘அசல் 1920 போஸ்டர்’ என்று யாராவது நீட்டினால் இரண்டு மடங்கு சோதியுங்கள்.

லென்ஸ் வைத்துப் பார்ப்பது

அச்சகத்தில் பயன்படுத்தும் 10 மடங்கு மடக்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வேறு கருவி எதுவும் இவ்வளவு உண்மை பேசாது.

முதலில் எழுத்தைப் பாருங்கள், படத்தை அல்ல. லித்தோவில், அதாவது கல்லச்சில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் அல்லது தனித் துத்தநாகத் தகடு. நீல எழுத்து என்றால் ஒரே நீல மை, திட்டமாக, ஓரம் முழுமையாக இருக்கும். பின்னாளில் அதைப் படமெடுத்து அச்சிட்ட நகலில் அதே நீல எழுத்து பல நிறப் புள்ளிகள் சேர்ந்து உண்டானதாக இருக்கும், ஓரம் பிசிறடிக்கும். பூ மாதிரி வட்டமாக அடுக்கிய புள்ளிக் கூட்டம் தெரிந்தால் அது ஆஃப்செட். ஒழுங்கே இல்லாமல் தூவிய மாதிரி நுண்ணிய தெறிப்பு என்றால் கம்ப்யூட்டர் இங்க்ஜெட்.

பிறகு வானமும் மலையும். அசல் லித்தோவில் நிறம் மங்கும் இடங்களில் சாக்பீஸைச் சொரசொரப்பான தரையில் தேய்த்தாற்போல் ஒழுங்கற்ற மணி மணியாக இருக்கும். வீட்டில் பழைய ரவிவர்மா படம் இருந்தால் அதன்மேல் இதே லென்ஸை வைத்துப் பாருங்கள். அதே தொழில்நுட்பம்தான், கண் பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. புள்ளி தெரிந்தாலே போலி என்று தூக்கிப் போடக் கூடாது. 1950-க்குப் பிந்தைய இந்தியச் சுற்றுலா போஸ்டர்கள் பல புகைப்படத்திலிருந்து ஆஃப்செட்டில் அச்சானவை, அவற்றில் படத்துக்குப் புள்ளி இருக்கத்தான் வேண்டும். கையால் வரைந்த 1930-ஆம் ஆண்டு லித்தோ என்று சொல்லப்படுகிற தாளில் எழுத்துக்குள்ளும் புள்ளி இருந்தால்தான் நகல்.

அடுத்து அளவு. பிரிட்டிஷ் ‘டபுள் ராயல்’ 25 × 40 அங்குலம், அதாவது 63.5 × 101.6 செ.மீ. ‘குவாட் ராயல்’ 50 × 40 அங்குலம், அகலவாக்கில். பி.எல்.எம். போஸ்டர்கள் பெரும்பாலும் 62 × 100 செ.மீ.யை ஒட்டி வரும். 12 × 18, 18 × 24, 24 × 36 அங்குலம் என்று சுத்தமான எண்கள் வந்தால் அது இன்றைய ஃபிரேம் கடை அளவு.

ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச், 365 நானோமீட்டர், கடைசிச் சோதனை. இருட்டறையில் தாளின் பின்புறம் அடியுங்கள். சலவை செய்த வேட்டி போல் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் தாளில் வெண்மையூட்டி இருக்கிறது. அது 1950-ஐ ஒட்டித்தான் காகிதத்துக்குள் பரவலாக வந்தது. போருக்கு முந்திய தாள் மங்கிய பழுப்பாகக் கிடக்கும். பின்னால் துணி ஒட்டிய போஸ்டராக இருந்தால் துணி ஒளிர்வதைத் தாள் ஒளிர்வதாக நினைத்துவிடாதீர்கள், முன்பக்க வெள்ளை ஓரத்தில் பாருங்கள்.

நிறம் வெளுத்ததைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. வெயிலில் முதலில் போவது இளஞ்சிவப்பும் மஞ்சளும், நீலம் கடைசி வரை நிற்கும். மனிதர் முகமும் மணலும் நீலம் பாரித்து இருந்தால் ஓவியர் அப்படி வரையவில்லை, சன்னல் பக்கம் மாட்டியிருக்கிறார்கள்.

சுத்தம், கிழிசல், பசை

தண்ணீர் வேண்டாம். மென்மையான ஆட்டுமயிர்ப் பிரஷ் எடுத்து நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தூசி தட்டுங்கள். வெள்ளை ஓரங்களில் மட்டும், வெள்ளை வினைல் அழிரப்பரைத் துருவி, தூளை விரல்நுனியால் வட்டமாக உருட்டலாம். அச்சு உள்ள இடத்தில் உருட்டக் கூடாது, லித்தோ மை மேலாகத்தான் அமர்ந்திருக்கிறது. பிரெஞ்சுப் போஸ்டரில் வரி முத்திரை இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்; தெருவில் ஒட்ட வரி கட்டியதற்கு அடையாளம் அது, அதன் மை ஈரம் பட்டால் ஓடிவிடும்.

செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, டேப்பின் முனையைத் தாளோடு படுத்த கோணத்தில் மயிரிழை மயிரிழையாகப் பின்னோக்கி இழுங்கள். மேலே தூக்கினால் மையோடு வரும். டேப் போன பிறகு தங்கும் பழுப்புக் கறை பசை நாருக்குள் இறங்கியதால் வந்தது, கரைப்பான் வைத்து எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

கிழிசலுக்கு ஒட்டுவது நாமே செய்யலாம், பசை சரியாக இருந்தால். இங்கேதான் அதிகத் தப்பு நடக்கிறது. வெள்ளை மரப்பசை காய்ந்த பிறகு தண்ணீரில் கழன்று வராது, தாளோடு கெட்டியாகி அந்த இடத்தை விறைப்பாக்கி பக்கத்தில் புதுக் கிழிசல் உண்டாக்கும். பைண்டிங் கடையில் காய்ச்சும் மைதாப் பசை வேறு விதத்தில் கெடுதல். மைதாவில் உள்ள பசைப்புரதம் மஞ்சளாகும், இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவது வழக்கம். மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம், அது தாளின் நாரை வேகமாக இற்றுப்போக வைக்கும்.

வேண்டியது கோதுமையின் மாவுச்சத்து மட்டும். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுக்கும் வேலைதான் இதுவும். ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அந்த உருண்டையைப் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். பால் தண்ணீரில் இறங்கும், கையில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு சக்கை மிஞ்சும். அந்தச் சக்கைதான் நமக்கு ஆகாத புரதம், எறிந்துவிடலாம். பாலை மெல்லிய துணியில் வடிகட்டி, ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலே நிற்கும் தெளிவை ஊற்றிவிட்டு மறுபடி நல்ல தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். மூன்று தடவை இப்படிச் செய்தால் அடியில் சுண்ணாம்புபோல் வெள்ளையாக ஒரு படிவு. மழைக்காலத்தில் இடையிடையே குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் புளித்துவிடும்.

படிவு 1 கரண்டிக்கு, காய்ச்சி வடித்த நீர் 5 கரண்டி. பேட்டரிக்கு விற்கும் நீர் போதும். அரை மணி ஊறவிட்டு, கொதிநீருக்கு மேல் பாத்திரம் வைத்து 20–25 நிமிடம் கை ஓயாமல் கிளறுங்கள். வெள்ளை போய்க் கண்ணாடிப் பதத்துக்கு வரும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு மூன்று முறை அழுத்தித் தேய்த்து, மோர் பதத்துக்குத் தண்ணீர் சேருங்கள். கட்டி இருந்தால் ஒட்டிய இடம் முன்பக்கம் கொப்புளமாகத் தெரியும். மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஒட்டுவதற்குச் சதுர மீட்டருக்கு 9 முதல் 12 கிராம் எடையுள்ள ஜப்பானியக் கோஸோ தாள், அதாவது மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய தாள். கத்தரிக்கோல் போடாதீர்கள். ஈரப் பிரஷால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கையால் பிரித்தால் ஓரம் நார்நாராக வரும். அந்த நாரோரம் இருந்தால்தான் ஒட்டு மேடு தட்டாது. 1 செ.மீ. அகலத் துண்டு, பின்பக்கம், கிழிசலை முகம் முகமாகச் சேர்த்து வைத்து ஒட்டுங்கள். அதன்மேல் பசை ஒட்டாத சிலிக்கான் பேப்பர், உறிஞ்சுதாள், எடை. ஐந்து நிமிடத்தில் உறிஞ்சுதாளை மாற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

முழுப் போஸ்டரையும் துணியில் ஏற்றுவது வீட்டு வேலை அல்ல. தாள் பல துண்டாகப் போயிருந்தால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவிலோ இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பின் மையங்களிலோ ஆலோசனை கேட்பது நல்லது. யார் செய்தாலும், துணிக்கும் போஸ்டருக்கும் நடுவே அமிலமற்ற தாள் ஓர் அடுக்கு உண்டா, பசை தண்ணீரில் கழலுமா என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். லாமினேஷன் செய்யலாமா என்று கேட்கவே வேண்டாம்.

சட்டம் போடுவது

ஃபிரேம் கடையில் வழக்கமாக நடப்பது: கண்ணாடி, அதை ஒட்டிப் படம், பின்னால் ஹார்டுபோர்டு, ஆணி. இந்த ஊர் ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாண்டினால் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் ஹார்டுபோர்டின் அமிலம் பழுப்பாக ஊறும்.

கடைக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். முன்னால் 3 மி.மீ. அக்ரிலிக், புற ஊதாத் தடுப்பு உள்ளது கிடைத்தால் அதுவே. இவ்வளவு பெரிய அளவில் கண்ணாடி கனக்கும், உடைந்தால் படத்தைக் கிழிக்கும். அக்ரிலிக்குக்கும் தாளுக்கும் நடுவே நாலு பக்கமும் 6 மி.மீ. இடைக்கட்டை. பின்னால் பருத்திக்கூழ் மவுன்ட் போர்டு. போர்டு அமிலமற்றதா என்று பி.எச். பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஊதா என்றால் சரி, மஞ்சள் என்றால் திருப்பிக் கொடுங்கள். பேனாவைப் போஸ்டரில் வைக்காதீர்கள், கோடு அழியாது. நல்ல போர்டு கிடைக்காத நிலையில் புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதம் கை கொடுக்கும். பருத்தியில் செய்த வெள்ளைத்தாளாக, பூவிதழும் சாயமும் இல்லாததாக எடுங்கள். அதையும் பேனாவால் சோதித்துவிட்டு, தடித்த தாள் இரண்டை அடுக்கி, அதற்கும் ஹார்டுபோர்டுக்கும் நடுவே அலுமினியம் ஃபாயிலை இரண்டு மடிப்பாகப் போடலாம்.

போஸ்டரை நாலு ஓரமும் ஒட்டவே கூடாது. மழையில் தாள் விரியும், வெயிலில் சுருங்கும், இடம் இல்லாவிட்டால் அலை அலையாக எழும். மேல் ஓரத்தில் மட்டும் 3 செ.மீ. அகலக் கோஸோ கீல் நாலு, மேலே செய்த அதே பசையால். பக்கங்களிலும் கீழும் 5 மி.மீ. சும்மா விடுங்கள்.

மாட்டும் இடத்துக்கு வருவோம். கடல் பார்த்த வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், உப்புப் பூத்துக் காரை உதிரும் பழைய சுண்ணாம்புச் சுவர், மூன்றும் கூடாது. வீட்டு நடுச்சுவர்தான் நல்லது. பூசையறை எதிரிலும் வேண்டாம், விளக்குப் புகையும் சாம்பிராணியும் மேல் பாதியை மஞ்சளாக்கும். ஃபிரேமின் பின்னால் நாலு மூலையிலும் 1 செ.மீ. கார்க் வில்லை ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடும். பல்லி முட்டையிடும் இடமும் அதுதான், மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் 50 லக்ஸ் போதும், அதாவது படம் தெரிய வேண்டும், பளிச்சிட வேண்டியதில்லை. ஆண்டில் நாலு மாதம் சுவரில், எட்டு மாதம் பெட்டியில் என்று முறை வைத்தால் நிறம் பல தலைமுறை நிற்கும்.

பெட்டி, குழாய், புயல்

தட்டையாக வைக்க முடிந்தால் தட்டையாக. சுருட்டத்தான் வேண்டும் என்றால் குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் வெளிப்பக்கம், படம் வெளியே தெரியும்படி சுருட்டி, அமிலமற்ற தாளால் போர்த்துங்கள். உள்ளே திணிப்பது முதல் ஐந்து நிமிடச் சேதத்துக்கு அடுத்த தலைமுறைக்கு வைக்கும் ஏற்பாடு. நாலு அங்குல பி.வி.சி. பைப் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கும், அளவும் பொருந்தும். அதை விட்டுவிடுங்கள், அது விடும் ஆவி தாளை அமிலமாக்கும். அட்டைக் குழாய்மேல் பாலியஸ்டர் ஃபிலிம் சுற்றிக்கொள்வது மேல்.

பெட்டிக்குள் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். 65 தாண்டினால் பூஞ்சணம். மூடி இறுகிய 100 லிட்டர் பெட்டிக்கு ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் 1 கிலோ துணிப்பையில் கட்டிப் போட்டு, பக்கத்தில் சிறிய டிஜிட்டல் ஈரமானி வையுங்கள். 40-க்குக் கீழே இறங்கினால் பாதியை எடுத்துவிடுங்கள், வறண்டாலும் தாள் நொறுங்கும். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் 2–3 மணி நேரம். ஈரமானி சரியா என்று சோதிக்கச் சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, ஈரமானியோடு ஜிப் பையில் அடைத்து 8 மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

பூச்சிக்கு வசம்பு, காய்ந்த வேப்பிலை, அந்துருண்டை எதையும் தாளோடு படும்படி போடாதீர்கள், கறை விழும். இராமபாணம் தென்பட்டால், போஸ்டரைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளின்மேல் துளியாகப் படிந்து அதை நனைக்கும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. கரையோரத்தில் இதை எதிர்பார்த்தே பெட்டி வைக்க வேண்டும். தரையில் வேண்டாம், பீரோவின் மேலும் வேண்டாம். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத் தட்டில், ஓடு ஒழுகாத இடத்தில். புயல் அறிவிப்பு வந்ததும் சுவரில் உள்ளதையும் இறக்கிவிடுங்கள்.

நனைந்துவிட்டால் உங்களுக்கு 48 மணி நேரம் இருக்கிறது. தனித்தாள் என்றால் கொசுவலைத் துணியின்மேல் ஏந்தி எடுத்து, உறிஞ்சுதாளில் படம் மேலே பார்க்கக் கிடத்தி, மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். வெயிலில் போட்டால் முறுகும். கொடியில் போட்டால் சொந்த எடையிலேயே கிழியும். மின்சாரம் இல்லாத நாட்களில் உறிஞ்சுதாளுக்குப் பதில் அச்சிடாத நியூஸ்பிரின்ட் தாளைப் பயன்படுத்தலாம், அச்சிட்ட செய்தித்தாள் மட்டும் வேண்டாம். பல போஸ்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல், கட்டாகவே பாலிதீனில் தளர்வாகச் சுற்றி, ஜெனரேட்டர் ஓடும் ஐஸ்கிரீம் கடையின் டீப் ஃப்ரீசரில் இடம் கேளுங்கள். உறைந்தபின் மாதக்கணக்கில் காத்திருக்கலாம், நிதானமாக ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பிரிக்கலாம். வெள்ளம் சேறோடு வந்திருந்தால், உறைய வைக்கும் முன் சேற்றைத் தேய்க்காதீர்கள். காய்ந்த பிறகு பிரஷுக்கே உதிர்ந்துவிடும் சேறு, ஈரத்தில் தேய்த்தால் நாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.